தம்புரா மாதிரி ஒரு சங்கீதம்

பாட்டு இல்லை, தாளம் இல்லை, இது என்ன சங்கீதம் என்பீர்கள். 1975-ல் விபத்தில் அடிபட்டுப் படுத்திருந்தார் பிரையன் ஈனோ. தோழி கொண்டுவந்து கொடுத்த இசைத்தட்டு ஓடியது; சத்தம் மிகக் குறைவு. எழுந்து கூட்டவும் முடியவில்லை. மழைச் சத்தத்தோடு கலந்து கேட்ட அந்த ஹார்ப் இசையில் உதித்ததுதான் 'ஆம்பியன்ட்' எண்ணம். பிறகு விமான நிலையங்களுக்கென்றே ஒரு தட்டு வெளியிட்டார்.

கச்சேரியில் தம்புராவை யாரும் கவனிப்பதில்லை, நின்றால்தான் தெரியும். இதுவும் அப்படித்தான்.

துணையை இழந்தபின், மனிதக் குரலுக்காகவே நாள் முழுக்க டிவியை அலறவிடும் நம் வயதுக்காரர்களுக்கு இதைச் சிபாரிசு செய்கிறேன். வாட்ஸப்பில் அனுப்பிவிட்டு இருந்துவிடாதீர்கள். நேரில் போய், மெல்ல ஒலிக்கவிட்டு, அரை மணி நேரம் பக்கத்தில் உட்காருங்கள். பேசக்கூட வேண்டாம்.