பூட்டிய இணைப்பைத் திறக்கலாமா?

சகோதரிகளே, பிள்ளைகள் மெயிலில் அனுப்பும் கோப்பு சில சமயம் 'தடுக்கப்பட்டது' என்று நின்றுவிடும். உடனே பூட்டை எடுக்க நினைக்காதீங்க.

2000 மே மாதம், காதல் கடிதம் மாதிரி 'ஐ லவ் யூ' என்று வந்த வைரஸ் உலகெங்கும் லட்சக்கணக்கான கம்ப்யூட்டர்களைப் பாழாக்கியது. அதன் பிறகே அவுட்லுக் இப்படிப்பட்ட கோப்புகளைத் தானே தடுக்க ஆரம்பித்தது. ஜிமெயிலும் 'இஎக்ஸ்இ' கோப்பை, ஜிப்பில் சுருட்டி அனுப்பினாலும் விடாது.

பழைய அவுட்லுக்கில் ரிஜிஸ்ட்ரியை மாற்றித் தடையை நீக்கலாம்தான். ஆனால் அந்த வகைக் கோப்பு பிறகு யார் அனுப்பினாலும் உள்ளே வந்துவிடும். கன்னடியன் கால்வாய் மதகைத் தூக்கினால் தண்ணீர் நம் வயலுக்கு மட்டுமா பாயும்?

முதலில் போன் போட்டு, "நீதான் அனுப்பினியாப்பா?" என்று கேளுங்க. ஆமென்றால் பிடிஎஃப் ஆக அனுப்பச் சொல்லுங்க. முடியாதென்றால் கூகுள் டிரைவில் போட்டு லிங்க் தரட்டும்.

செல்போனிலும் இதே கவனம் வேணும். எங்க தெரு மைனி ஒருத்தர், கல்யாணப் பத்திரிகை என்று வந்த 'ஏபிகே' கோப்பைத் தட்டி, இன்ஸ்டால் செய்து, மகள் பிரசவத்துக்குச் சேர்த்த பணத்தை இழந்தார். பணம் போனது தெரிந்த நிமிஷமே 1930-க்குப் பேசுங்க. தாமதித்தால் தடுத்து நிறுத்துவது கஷ்டம்.