படிவத்தில் எழுதும் 'இல்லை'

வாகனக் காப்பீட்டுக்கான முன்மொழிவுப் படிவத்தை நம்மில் எத்தனை பேர் படித்துவிட்டுக் கையெழுத்திட்டிருக்கிறோம்? ஓட்டுநரைப் பற்றிய பகுதியில் ஒரு கேள்வி இருக்கிறது. அவர் இதற்கு முன் விபத்து ஏற்படுத்தியிருக்கிறாரா, அதற்காகத் தண்டிக்கப்பட்டிருக்கிறாரா, வழக்கு ஏதும் நிலுவையில் உள்ளதா என்று அது கேட்கிறது. ஆம் எனில் நாளையும் சூழ்நிலையையும் இழப்பின் அளவையும் எழுத வேண்டும். உடுமலைப்பேட்டையில் நாம் பார்த்தவரை அந்தக் கட்டம் வாய்திறந்து கேட்கப்படாமலேயே நிரப்பப்படுகிறது. முகவர் 'இல்லை' என்று குறிக்கிறார், வண்டிக்காரர் கையெழுத்து வைக்கிறார், தேநீர் ஆறுவதற்குள் காரியம் முடிந்துவிடுகிறது.

இதைப் பொய் என்றால் நம்மவர்களுக்குக் கோபம் வருகிறது. "காப்பீடே வட்டியும் சூதும் கலந்தது. சட்டத்துக்காக எடுக்கிறோம். அவனிடம் என்ன உண்மை வேண்டிக்கிடக்கிறது?" என்ற வாதத்தைப் பள்ளிவாசல் முற்றத்திலேயே கேட்டிருக்கிறோம். காப்பீடு குறித்து ஆலிம்களிடையே கருத்து வேறுபாடு உண்டு என்பதை நாம் மறுக்கவில்லை. மூன்றாம் தரப்புக் காப்பீடின்றி வண்டியைச் சாலையில் இறக்க மோட்டார் வாகனச் சட்டத்தின் 146ஆம் பிரிவு இடம் தராது என்பதும் உண்மையே. ஆனால் கட்டாயத்தால் ஓர் ஒப்பந்தம் செய்வது வேறு, அதனுள் பொய்யை எழுதிவைப்பது வேறு. அல்மாயிதா அத்தியாயம் ஒப்பந்தங்களை நிறைவேற்றும் கட்டளையோடு தொடங்குகிறது. எதிரில் இருப்பவர் நமக்குப் பிடித்தவரா என்று அந்தக் கட்டளை பார்ப்பதில்லை. கடைவீதியில் தானியக் குவியலுக்குள் கைவிட்டு, அடியில் மறைந்திருந்த ஈரத்தை வெளிப்படுத்திய நபி (ஸல்) அவர்கள் அந்த வியாபாரியைக் கண்டித்த செய்தியை நம் பிள்ளைகள்கூட மதரஸாவில் படிக்கிறார்கள். தவணைத்தொகை சில நூறு ரூபாய் குறையட்டும் என்று பழைய வழக்கை மறைப்பவர் அடியில் வைப்பதும் அதே ஈரம்தான்.

இந்தப் பொய்யின் விலையை எழுதியவர் மட்டும் கொடுப்பதில்லை. விடியற்காலையில் உடுமலையிலிருந்து பல்லடம் வழியாகத் திருப்பூர் பனியன் கம்பெனிகளுக்கு ஆளேற்றிச் செல்லும் வேன்களை நினைத்துப் பாருங்கள். அப்படியொரு வேன் மோதி, தையல் வேலைக்குப் போன ஒரு தாய் இறந்துபோனால், அவருடைய பிள்ளைகள் இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தின் படியேறுவார்கள். அங்கே நிறுவனம் எடுத்து வைக்கக்கூடிய ஆயுதத்தைச் சட்டமே கொடுத்திருக்கிறது. முக்கியமான செய்தியை மறைத்தோ பொய்யாகச் சொல்லியோ பெற்ற காப்பீடு செல்லாது என்று வாதிட, பழைய 149ஆம் பிரிவிலும், 2019 திருத்தத்துக்குப் பின் 150ஆம் பிரிவிலும் இடம் இருக்கிறது. வாதத்தை நிறுவனமே மெய்ப்பிக்க வேண்டும் என்பது சரி. ஆனால் மெய்ப்பிக்கத் தேவையான தாள் உரிமையாளரின் சொந்தக் கையெழுத்தோடு அவர்களிடமே இருக்கிறது. வண்டியின் சேதத்துக்கான கோரிக்கையோ இன்னும் எளிதில் நிராகரிக்கப்படும்.

ஓட்டுநர் உரிமம் தொடர்பான வழக்குகளில் உச்ச நீதிமன்றம் 2004ஆம் ஆண்டு சுவரண் சிங் தீர்ப்பில் ஒரு வழி காட்டியது. பாதிக்கப்பட்டவருக்கு நிறுவனம் முதலில் பணம் கொடுக்கட்டும், பிறகு உரிமையாளரிடம் வசூலித்துக்கொள்ளட்டும் என்பது அந்த வழி. வசூலித்துக்கொள்ளட்டும் என்ற சொல்லுக்குப் பின்னால் உரிமையாளரின் வீடும் தறியும் நகையும் நிற்கின்றன. இதைப் புரிந்துகொள்ளாமல், உரிமம் நிறுத்திவைக்கப்பட்ட மருமகனிடம் சாவியைக் கொடுக்கும் மாமனார்கள் நம் ஊரில் உண்டு. சிவப்பு விளக்கை மீறினாலும், செல்பேசியில் பேசியபடி ஓட்டினாலும் மூன்று மாதத்துக்குக் குறையாமல் உரிமத்தை நிறுத்திவைக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றத்தின் சாலைப் பாதுகாப்புக் குழு 2015இலேயே மாநிலங்களுக்குச் சொல்லிவிட்டது. அந்தக் காலத்தில் அவர் ஓட்டினால், வண்டியோட்டத் தகுதியிழக்காதவரே ஓட்ட வேண்டும் என்ற காப்பீட்டு நிபந்தனை முறிந்துபோகிறது.

நிறுவனங்களையும் நாம் விட்டுவிடப் போவதில்லை. நூல்மண்டிக் கணக்கனுக்கே புரியாத ஆங்கிலத்தில், எறும்பு எழுத்தில் கேள்வியை அச்சிட்டுவிட்டு, விபத்துக்குப் பின் பூதக்கண்ணாடியோடு வருவது நேர்மையல்ல. பிரிட்டனில் 2013 முதல் நடைமுறையில் இருக்கும் சட்டம், கவனக்குறைவால் விட்டதையும் வேண்டுமென்றே மறைத்ததையும் பிரித்துப் பார்க்கிறது. முன்னதற்கு இழப்பீடு குறைக்கப்படலாம். பின்னதற்கு ஒப்பந்தமே போய்விடும். இங்கும் போக்குவரத்து மீறல்களைக் காப்பீட்டுத் தவணையோடு இணைக்கும் யோசனையை ஒழுங்குமுறை ஆணையத்தின் பணிக்குழு 2021இல் முன்வைத்தது. மறைத்து வைக்கலாம் என்ற எண்ணத்துக்கு ஆயுள் குறைவுதான்.

தலைக்கவசம் போடாமல் கட்டிய அபராதத்தையெல்லாம் எழுதச் சொல்லவில்லை. கேட்ட கேள்விக்கு விடை கொடுங்கள் என்கிறோம். 'இல்லை' என்று தவறாக எழுதிய ஆவணம் கையில் இருப்பவர் புதுப்பிக்கும் நாள்வரை காத்திருக்கத் தேவையில்லை. நிறுவனத்துக்கு எழுத்து மூலம் உண்மையைத் தெரிவித்துத் திருத்தம் கேளுங்கள். தவணை கூடினால் கட்டுங்கள். முகவர் தடுத்தால் கிளை அலுவலகத்துக்கு நேரில் சென்று கடிதத்தைக் கொடுத்து, முத்திரையிட்ட நகலை ஆர்.சி. புத்தகத்தோடு வைத்துக்கொள்ளுங்கள்.