முற்றிய முள்ளங்கியை எறியாதீர்கள்!

முள்ளங்கி முற்றிப் போனால் என்ன செய்வீர்கள்? "இனி சாம்பாருக்கு உதவாது" என்று பிடுங்கி மாட்டுக்குப் போட்டுவிடுவீர்கள், இல்லையா? கொஞ்சம் பொறுங்கள். பாகூரில் நான் பார்த்த ஒரு கொல்லையின் கதையைக் கேட்டுவிட்டு அப்புறம் முடிவு செய்யுங்கள்.

புதுச்சேரியிலிருந்து கடலூர் ரோட்டில் போய் மேற்கே திரும்பினால் பாகூர். பெரிய ஏரி, அதை நம்பி நெல் வயல்கள். பொங்கல் கழிந்த சமயம் அங்கே ஒரு வீட்டுக்குப் போயிருந்தேன். வீட்டு அம்மாள் கொல்லையைத் துடைத்துவிட்டாற்போல் வைத்திருந்தார். ஒரு பக்கம் கத்தரி, மறு பக்கம் பரங்கிக் கொடி. வேறு ஒரு பூண்டு கிடையாது. ஆனால் அவர் முகத்தில் சந்தோஷம் இல்லை.

"பூவுக்குக் குறைச்சல் இல்ல தம்பி. பிஞ்சு விடுது, மஞ்சளாகிக் கொட்டிப் போவுது. பேத்தி காலேஜுக்குப் போற பஸ் செலவே இந்தக் கொல்லையிலதான் வரணும்" என்றார்.

பரங்கியில் ஆண் பூ வேறு, பெண் பூ வேறு. விடியற்காலையில் மலர்ந்து, வெயில் ஏறியதும் சுருங்கிவிடும். அதற்குள் தேனீ வந்து மகரந்தத்தைக் கொண்டு சேர்த்தால் காய். இல்லாவிட்டால் பிஞ்சோடு சரி.

கத்தரியின் சங்கதி இன்னும் வேடிக்கை. அதன் மகரந்தம் நுனியில் துளையுள்ள சிறு குழல்களுக்குள் இருக்கிறது. கருவண்டு போன்றவை பூவைப் பற்றிக்கொண்டு 'ஜும்'மென்று அதிரவைத்தால் நன்றாகக் கொட்டும். காற்று ஆட்டினாலும் ஓரளவு காய்க்கும். வண்டு வந்தால் விளைச்சல் கூடும். ஆனால் கத்தரிப் பூவில் தேன் கிடையாது! சோறு போடாத வீட்டுக்கு விருந்தாளி எத்தனை நாள் வருவார்? பக்கத்திலேயே வேறு பூவில் தேன் இருந்தால்தானே அவை நம் கொல்லையைச் சுற்றும்?

இங்கேதான் முள்ளங்கி உதவிக்கு வருகிறது. முள்ளங்கி, வெங்காயம், காரட், முட்டைக்கோஸ் ஆகியவை ஈராண்டுச் செடி வகையைச் சேர்ந்தவை. முதல் பருவத்தில் கிழங்கிலோ இலையிலோ உணவைச் சேமிக்கும். அடுத்த பருவத்தில் அந்தச் சேமிப்பைச் செலவழித்துப் பூக்கும். சேமிப்பை நாம் தின்றுவிடுவதால் பூவைப் பார்ப்பதே இல்லை.

காரட்டும் கோஸும் பல வாரம் நல்ல குளிர் பட்டால்தான் பூக்கும். ஆகவே பாகூரிலும் வில்லியனூரிலும் அவற்றுக்காகக் காத்திருப்பது வீண். நம் சமவெளி முள்ளங்கி அப்படியல்ல. இரண்டு பருவத்தையும் ஒரே ஆண்டில் முடித்துவிடும். வெங்காயத்திலும் சில, மார்கழி, தைப் பனியில் தண்டு விட்டு, பந்துபோல் பூக்கும். இரண்டையும் தேனீக்கள் தேடி வரும்.

ஆகவே பாத்தி ஓரத்தில் 5, 6 முள்ளங்கிகளைப் பறிக்காமல் விடுங்கள். ஒன்று மட்டும் போதாது. முள்ளங்கி பெரும்பாலும் தன் சொந்த மகரந்தத்தில் விதை பிடிக்காது. பறித்தாகிவிட்டதா? பாதகமில்லை. கீழ்ப் பாதியை நறுக்கிச் சமைத்துக்கொள்ளுங்கள். தழையைக் குறைத்துவிட்டு, மேல் பாதியைக் குருத்தோடு நட்டு நீர் விடுங்கள். கூடவே கொஞ்சம் கொத்துமல்லியையும் பூக்க விடுங்கள். அந்தப் பூவுக்கு வரும் புள்ளி வண்டுகள் அசுவினியைத் தின்று ஒழிக்கும். மருந்து அடித்தே தீரவேண்டுமென்றால், பூச்சிகள் நடமாடாத மாலை வேளையில் அடியுங்கள்.

தேனீப் பெட்டி வைத்தால் போதாதா என்று கேட்கலாம். வைக்கலாம். ஆனால் 1991-92 வாக்கில் தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் ஒரு வைரஸ் நோய் வந்து, பெட்டிகளில் வளர்த்த இந்தியத் தேனீக்களை ஏராளமாக அழித்துவிட்டது. பல வகை வண்டுகளுக்கும் இடம் கொடுப்பதே புத்திசாலித்தனம். மேலும் யோசனை வேண்டுவோர் குரும்பாபேட்டில் உள்ள பெருந்தலைவர் காமராஜர் வேளாண் அறிவியல் நிலையத்தில் கேட்கலாம்.

இவற்றையெல்லாம் அந்த அம்மாளிடம் சொன்னேன். முள்ளங்கி பூக்கும் வரையில், விடியற்காலையில் ஆண் பூவைப் பறித்துப் பெண் பூவின் நடுவில் தொட்டு வைக்கும்படியும் சொன்னேன்.

"முத்தின முள்ளங்கிக்குத் தண்ணி ஊத்தினா ஊர் சிரிக்காதா தம்பி?"

"சிரிக்கட்டும் அம்மா. பரங்கி காய்த்த பிறகு அவர்களுக்கும் ஒரு கீற்று கொடுங்கள்" என்றேன்.

அவரும் சிரித்துவிட்டார். நான் கிளம்பும்போது அடுப்படியிலிருந்து முள்ளங்கிக் கட்டை எடுத்து வந்து, பாத்தி ஓரத்தில் குழி பறித்துக்கொண்டிருந்தார்.