வெட்டியது போக மிஞ்சியது

சேலத்தில் வறட்சி. கூலி வேலையும் இல்லை. நிலமில்லாத ஒரு விவசாயத் தொழிலாளி 1961இல் பம்பாய்க்கு ரயிலேறினார். தஹிசரில் ஒரு ரசாயனத் தொழிற்சாலையில் நாள் கூலிக்குச் சேர்ந்தார். மேற்கு விரைவு நெடுஞ்சாலை ஓரத்து நடைபாதையில், பிளாஸ்டிக் தாளும் தார்ப்பாயும் கொண்டு கட்டிய குடிசையில் மனைவியோடும் மூன்று மகள்களோடும் வாழ்ந்தார். 1981 ஜூலை 23 அன்று அந்தக் குடிசை இடிக்கப்பட்டது. அவரைக் கட்டாயப்படுத்திச் சேலத்துக்குப் பேருந்தில் ஏற்றிவிட்டார்கள். மனைவியும் மகள்களும் ஊரிலேயே தங்கிவிட, அவர் மட்டும் வேலை தேடித் திரும்பி வந்து மறுபடியும் நடைபாதையிலேயே குடிசை போட்டார்.

இது கதையல்ல; உச்ச நீதிமன்றத் தீர்ப்பில் பதிவான வாழ்க்கை. நடைபாதைவாசிகளை அவரவர் சொந்த ஊருக்கே அனுப்பிவிட வேண்டும் என்று அந்த ஜூலையில் மகாராஷ்டிர முதல்வர் ஏ.ஆர். அந்துலே ஆணையிட்டதை எதிர்த்து எழுந்த ஓல்கா டெல்லிஸ் வழக்கில் அவரும் ஒரு மனுதாரர். 1985 ஜூலையில் தலைமை நீதிபதி ஒய்.வி. சந்திரசூட் தலைமையிலான அமர்வு, பிழைப்புக்கான உரிமை உயிர்வாழும் உரிமைக்குள் அடங்கும் என்றது. அதே தீர்ப்பு, உரிய அறிவிப்பு தந்து அகற்றலாம் என்றும் சொன்னது. 1976 கணக்கெடுப்பில் பதிவாகி அடையாள அட்டை பெற்றவர்களுக்கு மாற்றிடம் தர வேண்டும் என்றது. மற்ற நடைபாதைவாசிகளுக்கு அந்த உறுதி கிடைக்கவில்லை.

ஒரு நகரம் தன்னைத் தானே தொகுத்துக்கொள்ளும் முறை இதுதான். எதை வைத்துக்கொள்வது, எதை நீக்குவது என்று யாரோ ஒருவர் முடிவு செய்கிறார். சினிமாவில் இந்த வேலையைச் செய்பவருக்கு எடிட்டர் என்று பெயர். மும்பைத் தமிழர்களின் நூற்றாண்டு வாழ்க்கையை அந்த எடிட்டிங் அறையின் வழியாகப் பார்ப்பது இன்று தேவையாகியிருக்கிறது. அவர்கள் குடியேறிய தாராவியே இப்போது வெட்டுப் பலகையில் கிடக்கிறது.

குடிசைகள் இடிக்கப்பட்ட அதே காலத்தில் ஒருவர் கேமராவோடு அந்தத் தெருக்களில் நின்றார். 1950இல் இதே நகரத்தில் பிறந்த ஆனந்த் பட்வர்தன். தன் ஆவணப்படங்களைப் பெரும்பாலும் தானே படம்பிடித்துத் தானே தொகுப்பவர். 1985இல் வெளிவந்த ‘ஹமாரா ஷஹர்’ படத்தில், வீடு இழந்த ஒரு பெண் கேமராவைப் பார்த்தே பேசுகிறார். ஏழைகளைப் படமெடுத்துப் பேர் வாங்கத்தானே வந்திருக்கிறீர்கள், படம் எடுப்பதைத் தவிர உங்களால் என்ன முடியும் என்று கேட்கிறார். இயக்குநரிடம் பதில் இல்லை. எடிட்டிங் மேசையில் அந்தச் சில நொடிகளை எடுத்துவிட்டிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது, படமும் கெட்டுப்போயிருக்காது. ஆனால் அவர் எடுக்கவில்லை. தன்மேல் விழுந்த குற்றச்சாட்டைத் தன் கையாலேயே படத்தில் நிலைநிறுத்தினார். நாற்பது ஆண்டுகள் கழித்தும் அந்தப் பெண்ணின் கேள்வி பார்ப்பவரை உலுக்குகிறது.

இயக்குநரே எடிட்டராகவும் இருப்பதன் பொருள் இங்கேதான் விளங்குகிறது. பொதுவாக இந்த இருவருக்கும் நடுவே ஒரு இடைவெளி உண்டு. எடுத்தவருக்கு ஒவ்வொரு ஷாட்டும் பிள்ளை. தொகுப்பவர் அந்தப் பாசம் இல்லாமல் பார்த்து, தேவையில்லாததைக் கழிப்பார். இருவரும் ஒருவரே ஆகும்போது அந்த இடைவெளி போய்விடுகிறது. பொறுப்பு முழுவதும் ஒரே தலையில் விழுகிறது. விட்டது எதுவானாலும் ‘அது எடிட்டர் செய்தது’ என்று அவர் கைகழுவ முடியாது.

இதன் பெருமையையும் ஆபத்தையும் மும்பையின் செம்பூர் அறியும். 1948இல் தன் படநிறுவனத்தைத் தொடங்கிய ராஜ் கபூர், செம்பூரில் ஆர்.கே. ஸ்டூடியோவைக் கட்டினார். ‘சங்கம்’ (1964) படத்திலிருந்து தன் படங்களைத் தானே தொகுத்தார். ஏறத்தாழ நான்கு மணி நேரம், இரண்டு இடைவேளைகள் என்று வந்தும் ‘சங்கம்’ வென்றது. சிறந்த எடிட்டருக்கான பிலிம்பேர் விருதும் அவருக்கே கிடைத்தது. ஏறத்தாழ அதே நீளத்தில், அதே இரண்டு இடைவேளைகளோடு 1970இல் வந்த ‘மேரா நாம் ஜோக்கர்’ அவரைக் கடனில் தள்ளியது. தன் வாழ்க்கையையே கோமாளி வேடத்தில் வைத்துப் பார்த்த ஒரு கலைஞனுக்கு எந்தக் காட்சியைத்தான் எடுத்தெறிய மனம் வரும்? 1973இல் ‘பாபி’தான் அவரை மீட்டது. அந்த ஸ்டூடியோவில் 2017 செப்டம்பரில் தீப்பிடித்தது. பல ஆண்டுகளாகக் காத்துவைத்த ஆடைகளும் பொருள்களும் எரிந்தன. 2019இல் நிலம் ஒரு கட்டுமான நிறுவனத்துக்குக் கைமாறியது.

உலகின் மறுகோடியில் மெக்சிகோவின் அல்போன்சோ குவாரோன் இதே இரட்டைப் பொறுப்பை ஏற்றவர். ‘கிராவிட்டி’ படத்துக்காக இயக்கத்துக்கும், மார்க் சாங்கருடன் சேர்ந்து எடிட்டிங்குக்கும் ஆஸ்கர் பெற்றார். பின்பு 2018இல் ‘ரோமா’ எடுத்தார். ஒளிப்பதிவும் அவரே, எடிட்டிங்கிலும் பாதிப் பங்கு அவருடையது. 1970களின் தொடக்கத்து மெக்சிகோ நகரம். தன்னை வளர்த்த வீட்டுப் பணிப்பெண்ணின் நினைவில் பிறந்த படம். 1971 ஜூனில் மாணவர்கள் சுட்டுக் கொல்லப்பட்ட நிகழ்வு அதில் வருகிறது. ஆனால் தொட்டில் வாங்க வந்த அந்தப் பெண் நிற்கும் கடையின் ஜன்னல் வழியாகத்தான் அது தெரிகிறது. வரலாறு ஓரத்துக்குப் போகிறது, வேலைக்காரப் பெண் நடுவில் நிற்கிறாள். ஷாட்டுகள் நீளமாக, அவசரமின்றி ஓடுகின்றன. வெட்டாமல் விடுவதும் எடிட்டரின் முடிவுதான் என்பதற்கு அதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. செம்பூரிலும் மாட்டுங்காவிலும் அடுக்குமாடி வீடுகளில் பாத்திரம் துலக்கிக் குடும்பத்தைக் கரையேற்றிய தமிழ்ப் பெண்கள் எத்தனை பேர்! அவர்களில் ஒருத்தியை நடுவில் நிறுத்திய படம் நம்மிடம் இருக்கிறதா?

நம்மிடம் இருப்பது ‘நாயகன்’. 1987 தீபாவளிக்கு வந்த அந்தப் படம்தான் தமிழ்நாட்டுக்குத் தாராவியை அறிமுகம் செய்தது. மும்பையில் கொஞ்சம் எடுத்தாலும், பெரும்பகுதித் தாராவியைச் சென்னையில் வீனஸ் ஸ்டூடியோவில் தோட்டா தரணி அரங்கமாக எழுப்பினார். அவருக்கும், ஒளிப்பதிவு செய்த பி.சி. ஸ்ரீராமுக்கும், நடித்த கமல்ஹாசனுக்கும் தேசிய விருது கிடைத்தது. வி.டி. விஜயனோடு சேர்ந்து அதைத் தொகுத்தவர் பி. லெனின்.

லெனின் எடிட்டிங் அறைக்குள்ளேயே வளர்ந்தவர் என்று சொல்லலாம். தந்தை ஏ. பீம்சிங், கிருஷ்ணன்–பஞ்சுவிடம் உதவி எடிட்டராகத் தொழில் தொடங்கி, ‘பாசமலர்’, ‘பாவமன்னிப்பு’ என்று ‘பா’ வரிசைப் படங்களால் தமிழ்க் குடும்பங்களை அழவைத்த இயக்குநர். மகன் ‘உதிரிப்பூக்கள்’, ‘மௌன ராகம்’, ‘நாயகன்’ என்று ஒரு தலைமுறையின் ரசனைக்கு லயம் வகுத்தார். பிறகு தானே இயக்கத் தொடங்கினார். 1992இல் ‘நாக் அவுட்’ என்ற குறும்படம். ஒரு குத்துச்சண்டை வீரனைப் பற்றியது. தேசிய விருது பெற்றது. ஜெயகாந்தனின் நாவலை வைத்து எடுத்த ‘ஊருக்கு நூறு பேர்’, 2001ஆம் ஆண்டின் சிறந்த இயக்குநருக்கான தேசிய விருதை அவருக்குத் தந்தது. பெரிய நாயகர்களின் படங்களைத் தொகுத்துப் பேர் பெற்ற கை, தானாகப் படமெடுத்தபோது தோற்றவர்களையும் மறக்கப்பட்டவர்களையும் நாடிப் போனதை நான் மிகுந்த மரியாதையோடு நினைக்கிறேன்.

‘நாயகன்’ எதை வைத்துக்கொண்டது? தூத்துக்குடியில் பிறந்து, வி.டி. ஸ்டேஷனில் சுமை தூக்கி, மதுவிலக்குக் காலத்தில் கள்ளச்சாராயத்தால் வளர்ந்து, மாட்டுங்கா ஸ்டேஷன் வாசலில் ஆண்டுதோறும் பெரிய கணபதிப் பந்தல் போட்ட வரதராஜ முதலியாரின் சாயலை வைத்துக்கொண்டது. படத்திலும் குடிசைகளை இடிக்க வருகிறார்கள். படத்தின் நாயகன் வேலு நாயக்கர் ஆள் திரட்டிப் போய், இடிக்கச் சொன்ன பணக்காரரின் வீட்டையே நொறுக்குகிறார். கொட்டகையில் கைதட்டல் எழுகிறது. 1981இல் சேலத்துக்காரரின் குடிசையை இடித்தபோது எந்த நாயக்கரும் வரவில்லை. ஒரு மனுவும் சில வழக்கறிஞர்களும் நான்காண்டுக் காத்திருப்பும்தான் இருந்தன. அந்தக் காத்திருப்புக்குக் கைதட்டல் கிடையாது. அதனால் அது எந்தத் தமிழ்ப் படத்திலும் இடம்பெறவில்லை.

நீங்கிப்போனவை இன்னும் உண்டு. கோலி மீனவர்களின் ஊராக இருந்த தாராவிக்குத் திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்து தோல் பதனிட்டவர்கள். அந்தத் தோலைத் தொட்டதற்காகவே ஒதுக்கப்பட்டு, அந்தத் தோலாலேயே பிள்ளைகளைப் படிக்க வைத்த ஆதிதிராவிடக் குடும்பங்கள். பக்கத்துச் சந்திலேயே தொழில் நடத்திய தமிழ் முஸ்லிம்கள். விடியுமுன் இட்லி அவித்து நகரமெங்கும் அனுப்பிய வீடுகள். ஒரே ரயில் பாதைக்கு அந்தப் பக்கம், சாதியாலும் படிப்பாலும் வேறுபட்ட மாட்டுங்கா: 1932இல் தொடங்கிய தென்னிந்தியக் கல்விச் சங்கம், கோயில்கள், பூக்கடைகள், தமிழ்ப் படம் ஓடிய அரோரா தியேட்டர். இந்த இரண்டு தமிழ் மும்பைகளுக்கும் நடுவிலிருந்த தூரத்தை எந்தப் படமும் அளக்கவில்லை. 2018இல் பா. இரஞ்சித்தின் ‘காலா’, தாராவியின் கேள்வி ஆளைப் பற்றியதல்ல, நிலத்தைப் பற்றியது என்று சொன்னது பெரிய திருப்பம். ஆனால் அதன் தாராவியும் பெரும்பாலும் சென்னையில் போட்ட அரங்கம்தான்.

பட்வர்தனிடம் திரும்ப வேண்டியிருக்கிறது. ‘ஹமாரா ஷஹர்’ படத்தில் பாடிய தலித் கவிஞர் விலாஸ் கோக்ரே. 1997 ஜூலை 11 அன்று, செம்பூருக்கு அடுத்த காட்கோபரில் ரமாபாய் நகரில் அம்பேத்கர் சிலை அவமதிக்கப்பட்டதை எதிர்த்துத் திரண்ட மக்கள்மீது போலீஸ் சுட்டது. பத்துப் பேர் இறந்தார்கள். சில நாட்களில் கோக்ரே தன் உயிரை மாய்த்துக்கொண்டார். தன் படத்தில் பாடியவரின் சாவிலிருந்து பட்வர்தன் மறுபடி படம்பிடிக்கத் தொடங்கினார். அந்த வேலை 14 ஆண்டுகள் நீண்டது. ‘ஜெய் பீம் காம்ரேட்’ 2011இல் முடிந்தபோது அது மூன்று மணி நேரத்துக்கும் மேல் ஓடியது. வழக்குகள் நகர்ந்ததும், தேர்தல்கள் வந்துபோனதும், பாடல்கள் புதிதாய்ப் பிறந்ததும் அதில் இருக்கின்றன. பழைய படத்தில் வெட்டாமல் வைத்த ஒரு பாடகனின் முகம், கால் நூற்றாண்டு கழித்து ஒரு சமூகத்தின் சாட்சியமானது.

இன்று தாராவிக்கு வேறொரு கத்தரி வந்திருக்கிறது. 2004இலிருந்து பேசப்பட்டுவந்த மறுசீரமைப்புத் திட்டத்தை, 2022 நவம்பரில் 5,069 கோடி ரூபாய் ஏலக்கேட்பில் அதானி குழுமம் வென்றது. 2024இல் வீடுவீடாகக் கணக்கெடுப்பு தொடங்கியது. 2000 ஜனவரி 1க்கு முன்பிருந்தே தரைத்தளத்தில் குடியிருந்தவருக்குத் தாராவியிலேயே 350 சதுர அடி வீடு இலவசம். அதற்குப் பிந்தியவருக்கும் மாடியில் வாழ்பவருக்கும் தாராவிக்கு வெளியே, பணம் கட்டி வீடு. 1976, 1980, 1985, 1995, 2000, 2011 என்று இந்த மாநிலத்தில் கட் ஆஃப் தேதிகள் மாறிக்கொண்டே வந்திருக்கின்றன. ஒரே குடும்பத்தில் கீழே இருக்கும் அண்ணன் உள்ளே, மேலே இருக்கும் தம்பி வெளியே. எடிட்டிங் மேசையில் கழிக்கப்பட்ட பிலிம் துண்டு தரையில் விழும். மனிதன் எங்கே விழுவான்?

நல்ல வீடும் கழிப்பறையும் தண்ணீரும் தாராவிக்கு வேண்டும். குறுகிய சந்தும் சாக்கடையும் யாருக்கும் பெருமையல்ல. மாற்றம் வரட்டும். அதில் யார் இடம்பெறுவது என்பதை, அங்கே வாழாதவர் மட்டும் தீர்மானிப்பதுதான் அநீதி. அந்த மாற்றத்தின் பதிவையும் விளம்பரப் படங்களிடம் விட்டுவிட்டால் அநீதி இரட்டிப்பாகும்.

ஆகவே தாராவி, மாட்டுங்கா, செம்பூர் தமிழர்களிடம் ஒரு வேண்டுகோள். இன்று ஒவ்வொரு பிள்ளையின் கையிலும் கேமரா இருக்கிறது. எடிட்டிங் மேசையும் அந்த போனுக்குள்ளேயே இருக்கிறது. பாட்டியை உட்காரவைத்து, எந்த ரயிலில் வந்தாள், முதல் இரவு எங்கே படுத்தாள் என்று பேசவிடுங்கள். பழைய ரேஷன் கார்டு, போட்டோ பாஸ், பள்ளிக்கூடக் குழுப்படம், கல்யாண வீடியோ கேசட் எதையும் எறியாதீர்கள். தமிழ்ச் சங்கங்களும் கல்லூரிகளும் ஒரு அறையையாவது இதற்கு ஒதுக்கட்டும். நம் தவறுகளையும் சேர்த்தே பதிவு செய்யுங்கள்: நமக்குள் நாமே கட்டிய சாதிச் சுவரை, தாதாக்களுக்கு நாம் போட்ட மாலைகளை. அந்தப் பெண் கேட்ட கேள்வியைப் பட்வர்தன் விட்டுவைத்ததுபோல, நம்மைச் சுடும் கேள்விகளையும் விட்டுவையுங்கள்.

சேலத்துக்குப் பேருந்தேற்றப்பட்டவரின் வாழ்க்கை நமக்குத் தெரிகிறது என்றால், ஒரு மனுவில் யாரோ அதை எழுதிவைத்தார்கள் என்பதால்தான். எழுதப்படாமல் போனவர்கள் எந்தக் கணக்கிலும் இல்லை.