மாஸ்டர், ஸ்லேவ்: கணினிக்குள் கிடந்த பழைய சொற்கள்



எங்கள் பங்கைச் சேர்ந்த இளைஞர் ஒருவர் சென்னையில் மென்பொருள் பொறியாளராகப் பணிபுரிகிறார். சென்ற விடுமுறையில் ஊருக்கு வந்தவர் ஞாயிறு திருப்பலி முடிந்து என்னைப் பார்க்க வந்தார். வேலை எப்படிப் போகிறது என்று கேட்டேன். "மூணு வாரமா ஒரே ஒரு சொல்லைத் தேடித் தேடி மாத்திக்கிட்டிருக்கேன் ஃபாதர்" என்று சிரித்தார். எந்தச் சொல் என்றதற்கு, "ஸ்லேவ்" என்றார். அடிமை.

இந்தச் சொல் நமக்கும் புதிதல்ல. 2000-ஆம் ஆண்டுகளின் தொடக்கத்தில் பங்கு அலுவலகக் கணினியைப் பழுதுபார்க்க வந்தவர், அதிலிருந்த இரண்டு ஹார்டு டிஸ்க்குகளில் ஒன்றை மாஸ்டர் என்றும் மற்றதை ஸ்லேவ் என்றும் காட்டினார். டிஸ்க்கின் மேலேயே அப்படித்தான் அச்சிட்டிருந்தது. வண்டி மெக்கானிக்கிடம் போனால், கிளட்ச்சுக்கு ஒரு மாஸ்டர் சிலிண்டர், ஒரு ஸ்லேவ் சிலிண்டர் என்பார். ஒன்று ஆணையிடும், மற்றது அப்படியே செய்யும் என்பதுதான் பொருள். நாமும் அதை யோசிக்காமலே சொல்லி வந்திருக்கிறோம்.

பொறியியலுக்குள் இந்தச் சொல் எப்படி வந்தது? அமெரிக்க ஆய்வாளர் ரான் எக்லாஷ் இதைத் தேடிப் பார்த்து 2007-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். அவர் கண்டெடுத்த மிகப் பழைய சான்று 1904-ஆம் ஆண்டைச் சேர்ந்தது. தென்னாப்பிரிக்காவின் கேப் டவுன் வானாய்வகத்தில் டேவிட் கில் என்ற வானியலாளர் அமைத்த கடிகார ஏற்பாடு அது. துல்லியமாக ஓடும் ஒரு கடிகாரம் எசமான். அதன் சைகைக்கு ஏற்ப ஓடும் இன்னொன்று அடிமை. கேப் பகுதியில் அடிமை முறை சட்டப்படி முடிவுக்கு வந்தது 1834-இல். ஆக, அடிமைகள் விடுதலை பெற்று எழுபது ஆண்டுகள் கழிந்த பிறகுதான் அந்தச் சொல் ஓர் இயந்திரத்தின் மேல் வந்து ஒட்டிக்கொண்டது.

இங்கே சற்று நிற்க வேண்டும். கேப் டவுனில் அடிமைகளாக இருந்தவர்கள் யார்? டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி மடகாஸ்கரிலிருந்தும், கிழக்கு ஆப்பிரிக்காவிலிருந்தும், இன்றைய இந்தோனேசியத் தீவுகளிலிருந்தும் மக்களை அங்கே கொண்டுபோய் விற்றது. இந்தியாவிலிருந்தும் கொண்டுபோனது. வங்காளத்தவர், மலபார்க்காரர் மட்டுமல்ல, நம் சோழமண்டலக் கடற்கரையைச் சேர்ந்தவர்களும் அதில் இருந்தார்கள். பழவேற்காடும் நாகப்பட்டினமும் அன்று டச்சுக்காரர் கையிலிருந்த துறைமுகங்கள். அந்த மக்களின் சொந்தப் பெயர்கள் பெரும்பாலும் பிழைக்கவில்லை. எசமானர்கள் வைத்த ஒரு பெயரும், அதன்பின் "வான் கோரமண்டல்", அதாவது "சோழமண்டலத்திலிருந்து", என்ற ஒட்டும் மட்டுமே கேப் ஆவணங்களில் எஞ்சியுள்ளன. இதை நான் சொன்னபோது அந்த இளைஞர் சிறிது நேரம் பேசவில்லை. அமெரிக்கக் கறுப்பின மக்களின் மனம் புண்படாதிருக்கச் செய்கிற வேலை என்றுதான் அவர் அதுவரை நினைத்திருந்தார்.

சொல்லை மாற்றும் முயற்சி திடீரென்று தோன்றியதல்ல. 2003-இல் லாஸ் ஏஞ்சலஸ் மாவட்ட நிர்வாகத்தின் ஓர் அலுவலகம், தங்களுக்குக் கருவிகள் வழங்கும் நிறுவனங்களிடம் மாஸ்டர், ஸ்லேவ் என்ற குறிப்புகளைத் தவிர்க்கும்படி கேட்டுக்கொண்டது. பலர் கேலி செய்தார்கள். 2014-இல் ஜாங்கோ, ட்ரூப்பல் என்ற இரு மென்பொருள்களை உருவாக்குவோர் தாங்களாகவே அச்சொற்களைக் கைவிட்டார்கள். 2018-இல் பைத்தான் மொழியிலும் மாற்றம் வந்தது. அதே ஆண்டு ரெடிஸ் என்ற தரவுத்தளத்தை உருவாக்கிய சால்வத்தோரே சான்ஃபிலிப்போ, தமக்கு முழு மனமில்லாவிட்டாலும், அடிமை என்ற சொல்லை எடுத்துவிட்டு நகல் என்று பொருள்படும் "ரெப்ளிக்கா"வை வைத்தார். பழைய கட்டளையை நம்பி ஓடும் நிரல்கள் நின்றுவிடக் கூடாதே என்று அதையும் கூடவே விட்டுவைத்தார்.

பிறகு 2020 மே 25. மினியாபோலிஸ் நகரில் ஜார்ஜ் ஃபிளாய்டின் கழுத்தின் மேல் ஒரு காவலர் ஒன்பது நிமிடங்களுக்கு மேல் முழங்காலை ஊன்றியிருந்தார். அந்தக் காணொளியை உலகமே பார்த்தது. அடுத்த சில மாதங்களில், பல ஆண்டுகளாக இழுபறியில் இருந்தவை எல்லாம் வேகமாக நடந்தன. உலகெங்கும் நிரலர்கள் தங்கள் வேலையைச் சேமித்துவைக்கும் கிட்ஹப் தளத்தில், அக்டோபர் முதல் நாளிலிருந்து புதிதாகத் தொடங்கப்படும் திட்டங்களின் முதன்மைக் கிளைக்கு "மாஸ்டர்" என்பதற்குப் பதில் "மெயின்" என்ற பெயர் வந்தது. லினக்ஸ், மைஎஸ்கியூஎல் குழுக்களும் புதிய சொற்களை ஏற்றன. "பிளாக்லிஸ்ட்", "ஒயிட்லிஸ்ட்" என்பவை பல இடங்களில் தடைப்பட்டியல், அனுமதிப்பட்டியல் என்ற பொருள் தரும் சொற்களாயின. உண்மையில் இவைதான் வேலையைத் தெளிவாகச் சொல்லும் பெயர்கள்.

எதிர்த்தவர்களின் வாதத்தையும் கேட்க வேண்டும். பிளாக்லிஸ்ட் என்ற சொல் தோல் நிறத்திலிருந்து வந்ததல்ல என்றார்கள். உண்மைதான், அது பதினேழாம் நூற்றாண்டு ஆங்கிலத்தில் தண்டிக்கப்பட வேண்டியவர்களின் பட்டியலைக் குறித்த சொல். கிட்டில் உள்ள மாஸ்டர், இசைத்தட்டின் மூலப் பதிவைக் குறிக்கும் மாஸ்டர் என்றார்கள். 2005-இல் அப்பெயரைச் சூட்டியவரே தம் மனத்தில் இருந்தது அதுதான் என்றார். ஆனால் அவரே, மெயின் என்று வைத்திருக்கலாமே என்று பின்னாளில் பலமுறை நினைத்ததாகவும் சொன்னார்.

எனக்கு இந்த வாதம் மிகவும் பழக்கப்பட்டது. குருமடத்தில் திருவழிபாட்டு வரலாறு படித்தபோது கேட்டது. புனித வெள்ளியன்று யூதர்களுக்காகச் சொல்லப்பட்ட மன்றாட்டில் "பெர்ஃபிதிஸ்" என்ற இலத்தீன் சொல் நூற்றாண்டுகளாக இருந்தது. அதற்கு "நம்பாதவர்கள்" என்பதுதான் மூலப்பொருள், "துரோகிகள்" என்பதல்ல என்று அறிஞர்கள் விளக்கினார்கள். இலக்கணப்படி அவர்கள் சொன்னது சரியாகவே இருக்கலாம். ஆனால் கோவிலில் நின்றவர்கள் காதில் விழுந்தது துரோகிகள் என்பதுதான். அந்தப் பேச்சைக் கேட்டு வளர்ந்த ஐரோப்பா யூதர்களை என்ன செய்தது என்பதை நாம் அறிவோம். 1959-இல் திருத்தந்தை இருபத்துமூன்றாம் யோவான் அச்சொல்லை எடுத்துவிட்டார். யூதர்கள் பற்றிய திருச்சபையின் பார்வையையே மாற்றிய "நோஸ்த்ரா ஏத்தாத்தே" ஏடு ஆறு ஆண்டுகள் கழித்து, 1965-இல், இரண்டாம் வத்திக்கான் சங்கத்தில் வந்தது. முதலில் மாறியது ஒரு சொல். எனவே, சொல்லை மாற்றினால் என்ன ஆகிவிடும் என்று கேட்பவர்களோடு என்னால் உடன்பட முடியவில்லை.

ஆனால் சொல்லை மாற்றிவிட்டுக் கையைக் கழுவிக்கொள்ளவும் முடியும். அந்த 2020 ஜனவரியில் டெட்ராய்ட் புறநகர் ஒன்றில் ராபர்ட் வில்லியம்ஸ் என்ற கறுப்பினத்தவர், தம் வீட்டு வாசலில், மனைவியும் இரு சிறு மகள்களும் பார்க்கக் கைது செய்யப்பட்டார். கடையொன்றில் கைக்கடிகாரங்கள் திருடிய வேறொருவரின் மங்கலான படத்தைப் பார்த்து, முகமறியும் மென்பொருள் இவரைக் காட்டிக் கொடுத்திருந்தது. அப்படி நேரும் என்பது முன்பே தெரியும். முகத்தைப் பார்த்து ஆணா பெண்ணா என்று சொல்லும் மென்பொருள்களை ஜாய் புவோலம்வினியும் டிம்னிட் கெப்ருவும் சோதித்து 2018-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். வெள்ளை நிற ஆண்களிடம் பிழை அதிகம் போனால் 0.8 விழுக்காடு. கரிய நிறப் பெண்களிடம் அது 34.7 விழுக்காடு வரை போனது. வில்லியம்ஸின் வழக்கு செய்தித்தாளில் வந்தது 2020 ஜூனில். நிறுவனங்கள் பெயர்ப்பட்டியல்களைத் திருத்திக்கொண்டிருந்த அதே ஜூன். பட்டியலைத் திருத்த ஒரு பொறியாளருக்கு மூன்று வாரம் போதும். மென்பொருளுக்கு யாருடைய முகங்களைக் காட்டிப் பழக்கினோம், அந்த அறையில் யார் யாரெல்லாம் இருந்தார்கள் என்ற கேள்விக்கு மூன்று வாரம் போதாது. 2025-இன் தொடக்கத்தில் மெட்டா தன் பன்முகத்தன்மைத் திட்டங்களை நிறுத்தியது. கூகுள் ஆள்சேர்ப்பு இலக்குகளைக் கைவிட்டது. திருத்திய சொற்களைப் பழையபடி மாற்ற யாரும் மெனக்கெடவில்லை. அவற்றை வைத்திருப்பதில் செலவு இல்லையே!

நம்மைப் பற்றியும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். 1838-இல் அமெரிக்காவின் மேரிலாந்து இயேசு சபையினர் 272 அடிமை மக்களை லூசியானாவின் தோட்டங்களுக்கு விற்றார்கள். அந்தப் பணத்தில் ஒரு பகுதி ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகத்தின் கடனை அடைத்தது. விற்பனையை நடத்திய அருள்பணியாளரின் பெயர் அங்கே ஒரு கட்டடத்துக்கு இருந்தது. 2017-இல் அதை மாற்றி, விற்கப்பட்டவர்கள் பட்டியலில் முதலில் இருந்த ஐசக் ஹாக்கின்ஸின் பெயரைச் சூட்டினார்கள், பொதுவில் மன்னிப்பும் கேட்டார்கள். அவர்களுடைய வழிவந்தவர்கள் அதோடு விடவில்லை. பேச்சு தொடர்ந்தது. 2021-இல் பத்துக் கோடி டாலர் திரட்டுவதாக இயேசு சபை உறுதியளித்தது. பெயர் மாற்றம் அந்தப் பேச்சுக்குக் கதவைத் திறந்தது என்று சொல்லலாம். கதவைத் திறந்த பின் உள்ளே போக வைத்தது வழிவந்தவர்களின் பிடிவாதம்.

பவுலடியார் பிலமோனுக்கு எழுதிய சிறிய திருமுகம் நினைவுக்கு வருகிறது. ஒனேசிம் என்றால் "பயனுள்ளவன்". ஒரு கருவிக்கு வைப்பதைப் போன்ற பெயர், அடிமைக்கு வைத்தது. பவுல் அந்தப் பெயரை மாற்றவில்லை. ஆனால் அவனை அன்புக்குரிய சகோதரனாக வீட்டுக்குள் ஏற்கச் சொல்கிறார், அவன் கடனைத் தம் கணக்கில் எழுதச் சொல்கிறார். பிலமோன் என்ன செய்தார் என்று அத்திருமுகம் நமக்குச் சொல்வதில்லை.

விடைபெறும் முன் அந்த இளைஞரிடம் நான் ஒன்று கேட்டேன். ஆங்கிலச் செய்தித்தாள்களில், உலகம் ஒதுக்கிவைத்த நாட்டைப் "பரையா ஸ்டேட்" என்று இன்றும் எழுதுகிறார்கள். பறை முழக்கிய நம் மக்களின் பெயரை ஐரோப்பியர்கள் இங்கிருந்து எடுத்துப்போய், விலக்கப்பட்டவர் என்ற பொருளில் தங்கள் அகராதியில் சேர்த்துக்கொண்ட சொல் அது. கல்லறைத் தோட்டத்தில்கூட இரண்டு பக்கம் வைத்திருந்த நாம் அவர்களை மட்டும் குறை சொல்ல முடியாது. உங்கள் நிறுவனம் கொடுத்திருக்கும் மாற்ற வேண்டிய சொற்களின் பட்டியலில் அது இருக்கிறதா என்று கேட்டேன். அவர் அங்கேயே கைப்பேசியை எடுத்துத் தேடினார். மேலிருந்து கீழாக இருமுறை பார்த்தார்.

"இல்லை ஃபாதர். யார்கிட்ட சொல்லிச் சேர்க்கணும்னு திங்கட்கிழமை கேட்கிறேன்" என்றார்.