‘நரம்பு வளர்கிறது’ என்னும் பொய்

சென்னையில் வெளியாகும் கைபேசி விளம்பரம் அந்தமானின் தமிழ் வீடுகளை அதே நொடியில் எட்டிவிடுகிறது. தண்டுவடம் முறிந்த நோயாளியோ, உயர் சிகிச்சைக்காகச் சென்னை வந்துசேர ஆயிரம் கிலோமீட்டருக்கும் மேற்பட்ட கடலைக் கடக்க வேண்டும். இந்த இடைவெளியில்தான் “மின்சாரம் நரம்பை வளர்க்கும்” என்ற வாக்கியம் விலைபோகிறது.

அது முழுப்பொய்யன்று, அதனாலேயே ஆபத்தானது. 1979-இல் ஜாஃபே, பூ ஆகிய இருவரும் கோழிக்கருவின் நரம்பணுத் திரள்களை மாறாத மின்புலத்தில் வைத்து வளர்த்தனர். நரம்பிழைகள் எதிர்மின்முனையை நோக்கி விரைந்து நீண்டன. தவளைக் கருவின் நரம்பணுக்களும் அத்திசையிலேயே வளைந்தன. ஆனால் 2007-இல் வெளிவந்த ஆய்வில், ஜீப்ரா மீன் கருவின் நரம்பணுக்கள் மின்புலத்தைப் பொருட்படுத்தவே இல்லை. ஓர் உயிரிக்குப் பொருந்துவது மற்றோர் உயிரிக்குப் பொருந்தும் என்று கொள்ள வழியில்லை.

மனிதரிடமும் சோதனை நடந்தது. 2005-இல் வெளியான அமெரிக்க ஆய்வில், தண்டுவடம் அடிபட்ட 10 பேருக்கு அறுவைச் சிகிச்சை செய்து ஒரு கருவியைப் பொருத்தினர். தண்டுவட இழைகள் மேலும் கீழுமாக ஓடுவதால், 15 நிமிடத்துக்கு ஒருமுறை புலத்தின் திசையை மாற்றினர். 15 வாரங்களுக்குப் பின் கருவியை அகற்றினர். அதுவும் ஒப்பீட்டுக் குழு இல்லாத முதற்கட்டச் சோதனையே.

விளம்பரக் கருவி செய்வது வேறு. பாதத்திலோ தோலிலோ பதியும் தகடு மின்துடிப்புகளைச் செலுத்துகிறது, தசை துடிக்கிறது, சிலருக்கு வலி சிறிது தணியலாம். துடிப்பு வளர்ச்சியாகாது. தோல்மேல் பாயும் துடிப்பும், தண்டுவடத்தருகே நிலைநிறுத்தப்பட்ட மின்புலமும் ஒன்றாகா. ‘மின்சாரம்’ என்னும் ஒற்றைச் சொல் இவ்விரண்டின் வேறுபாட்டை மறைக்கிறது.

‘நரம்பு’ என்னும் சொல்லோ அதனினும் வசதியானது. யாழின் தந்தியும், இலையின் கோடும், ஊசி ஏற்றும் இரத்தக்குழாயும், மூளையின் கட்டளையைச் சுமக்கும் இழையும் தமிழில் நரம்பே. பேச்சுவழக்கில் இது குற்றமன்று. மொழிகள் யாவும் இப்படித்தான் இயங்குகின்றன. அந்த நெகிழ்வை விலைச்சீட்டாக்குவதே குற்றம். எது வளர்ந்தது என்று கேட்டால், விற்பவர் எந்த நரம்பை வேண்டுமானாலும் சுட்டிக்காட்டித் தப்பிவிடலாம்.

தீவில் படுத்த படுக்கையாய் இருப்பவரைக் காப்பவை படுக்கைப்புண் வராமல் திருப்பிப் படுக்கவைக்கும் கைகள், சிறுநீர்ப்பைப் பராமரிப்பு, இடைவிடாத இயன்முறைப் பயிற்சி ஆகியவை. கருவிக்குச் செல்லும் ஒவ்வொரு ரூபாயும் இவற்றிலிருந்தே பறிக்கப்படுகிறது. ஆகவே விற்பவரிடம் மூன்று கேள்விகள் கேட்கப்பட வேண்டும்: எந்த நரம்பு? எத்தனை மில்லிமீட்டர் வளர்ந்தது? அளந்தவர் யார்? விடையில்லையெனில், வளர்வது விற்பவரின் கல்லாப்பெட்டி மட்டுமே.