இடிக்கும்போது கைகழுவும் இன்சூரன்ஸ்

டெல்லி மயூர் விஹாரில், எண்பதுகளில் டி.டி.ஏ. கட்டிய பழைய ஃபிளாட் எங்களுடையது. இரண்டாவது மாடி. தரையைப் பெயர்த்து, குழாயெல்லாம் மாற்றி, வயரிங்கைப் புதுசாக்கி, சமையலறையைப் பெரிசாக்குவதாகத் திட்டம். நாலு மாசத்துக்குப் பக்கத்துத் தெருவில் வாடகைக்குப் போனோம்.

வேலை ஆரம்பிக்கும் முன்னாடி ஏஜெண்ட்டுக்கு போன் போட்டேன். "வீட்டை உடைக்கப் போறோம், பாலிசி செல்லுமா?" என்று கேட்டேன். "அரே ஸார்-ஜி, குச் நஹீ ஹோகா" என்றார். ஒண்ணும் ஆகாதாம். நான் கேட்டது ஆகுமா ஆகாதா என்று இல்லை, ஆனால் தருவீர்களா என்று. அந்த வித்தியாசம் அவருக்குப் புரிந்தது, எனக்குத்தான் புரியவில்லை.

மூணாவது வாரம் ஆயிற்று. குளியலறையில் பழைய குழாயைத் திறந்த பிளம்பர் பையன் தற்காலிகமாக ஒரு அடைப்பு வைத்துவிட்டுப் போனான். ராத்திரி அது பிடுங்கிக்கொண்டது. மொட்டைமாடித் தொட்டித் தண்ணீர் முழுக்க, பெயர்த்துப் போட்ட தரை வழியாகக் கீழ்வீட்டுக்கு இறங்கியது. கீழே ஓய்வுபெற்ற வங்காளி டீச்சர் ஒருவர் தனியாக இருக்கிறார். மாசிமா என்றுதான் கூப்பிடுவோம். விடிகாலையில் அவர் படுக்கையறைக் கூரையின் பூச்சு பாளம் பாளமாகக் கட்டில் மேலேயே விழுந்திருக்கிறது. அன்றைக்கு முழங்கால் வலி என்று ஹாலில் படுத்திருந்தார். "பேட்டா, நான் அங்கே இல்லை, அவ்வளவுதான்" என்றார். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

கூரை, பீரோ, மெத்தை, வயரிங் எல்லாம் சேர்த்து 1,85,000 ரூபாய். என் பக்கம் ஊறிப்போன பிளைவுட் தனி. இன்சூரன்ஸ் இருக்கே என்று தைரியமாகப் போனேன். பதில் இரண்டே வரி. ஒன்று, அடுத்தவர் வீட்டுச் சேதம் இந்தப் பாலிசியில் வராது. இரண்டு, கட்டட வேலை நடப்பதை நீங்கள் எழுத்தில் தெரிவிக்கவில்லை. போனில் சொன்னேனே என்றேன். "எழுத்தில், ஸார்."

அப்புறம்தான் பாலிசியை எடுத்துப் படித்தேன். சூரிய நமஸ்காரம், கண் கெட்ட பிறகு.

2021 ஏப்ரல் 1 முதல் வீடுகளுக்கு எல்லாக் கம்பெனியும் விற்கத் தொடங்கியது பாரத் கிருஹ ரக்ஷா என்ற ஒரே மாதிரிப் பாலிசி. குறை சொல்ல முடியாது, நல்ல பாலிசிதான். தீ, நிலநடுக்கம், புயல், வெள்ளம், குழாய் வெடிப்பு எல்லாம் உண்டு. கட்டடத் தொகையில் 20 சதவீதம், அதிகபட்சம் 10 லட்சம் வரை, வீட்டுச் சாமானுக்குத் தானாகவே சேரும். ஆனால் கட்டமைப்பில் எதையாவது கூட்டினாலும் மாற்றினாலும் கம்பெனிக்குச் சொல்ல வேண்டும். கட்டுமானத்தாலோ, மராமத்தாலோ, பள்ளம் தோண்டியதாலோ நிலம் இறங்கினால் அந்தச் சேதம் கிடையாது. திருட்டு என்றால், வெள்ளம் தீ மாதிரி ஏதாவது நடந்து, அதன் விளைவாக ஏழு நாளுக்குள் நடந்த திருட்டு மட்டும்தான். சாவி டேக்கேதார் கையில் இருக்கும்போது புதுக் குழாய்கள் காணாமல் போனால்? உங்கள் பாடு. தனியாகத் திருட்டு பாலிசி எடுத்திருந்தாலும் பூட்டை உடைத்த அடையாளம் கேட்பார்கள்.

அதற்கு முன்பிருந்த ஸ்டாண்டர்ட் ஃபயர் பாலிசி இன்னும் வெளிப்படை. 30 நாளுக்கு மேல் ஆளில்லாமல் கிடந்தாலோ, ஆபத்து கூடும்படி நிலைமை மாறினாலோ, முன்கூட்டியே எழுத்தில் சம்மதம் வாங்காவிட்டால் காப்பு போச்சு. பெரிய வேலை என்றால் வீடு காலிதானே இருக்கும்? ஆக, இருபது வருஷம் சும்மா இருந்த வீட்டுக்குக் காப்பு உண்டு. வெல்டிங் பொறி பறந்து, வயர் தொங்கி, தின்னர் டப்பா திறந்து கிடக்கும் நாலு மாசத்துக்குக் கேள்விக்குறி. மழை வந்ததும் குடையைத் திருப்பிக் கேட்கிற கதை.

கம்பெனிக்காரர் நியாயமும் எனக்குத் தெரியும். வேலை நடக்கும் வீட்டில் ஆபத்து அதிகம், பழைய பிரீமியத்தில் அதைச் சுமக்க முடியாது. ஒத்துக்கொள்கிறேன். அப்படியானால் கூடுதலாகக் கேளுங்கள், தருகிறேன். கேட்காமல், சொல்லாமல், பணத்தை மட்டும் வருஷா வருஷம் வாங்கிவிட்டு, கடைசியில் "எழுத்தில், ஸார்" என்பதுதான் அயோக்கியத்தனம். வேலை நடக்கும் இடத்துக்கென்றே காண்ட்ராக்டர்ஸ் ஆல் ரிஸ்க் என்று ஒரு பாலிசி இருக்கிறது. நடக்கும் வேலை, குவித்து வைத்த பொருள், அடுத்தவருக்கு ஏற்படும் சேதம் மூன்றுக்கும் அதில் இடமுண்டு. சுற்றியுள்ள சொந்தச் சொத்தையும் கேட்டுச் சேர்க்கலாம். நான் விசாரித்த மூன்று அலுவலகத்திலும் "அது பெரிய பில்டர்களுக்கு, உங்களுக்கு எதுக்கு" என்றார்கள். ஃபிளாட்டுக்காரன் சுத்தியலுக்கு மட்டும் கூரை விழாதா?

2022 பிப்ரவரி 10 ஞாபகம் இருக்கிறதா? குர்கான் செக்டர் 109. ஆறாவது மாடி ஃபிளாட்டில் மராமத்து நடந்துகொண்டிருந்தது. அந்தத் தரை சரிந்து, கீழே ஒவ்வொரு மாடியாக இடித்துக்கொண்டு முதல் மாடி வரை இறங்கியது. இரண்டு பெண்கள் செத்தார்கள். கான்கிரீட்டே சரியில்லை என்று பிறகு ஐ.ஐ.டி. டெல்லி சொன்னது. குற்றம் யாருடையதோ, அடுக்குமாடியில் என் தரை இன்னொருத்தர் கூரை என்பது மாறாது.

நம்மையும் சொல்ல வேண்டும். 18 லட்சத்துக்கு வீட்டை இழைக்கிறோம், இத்தாலியன் மார்பிளுக்கு நாலு கடை ஏறுகிறோம், இன்சூரன்ஸ் என்றால் மட்டும் 'தண்டச் செலவு'. எங்கள் சொசைட்டி மல்பா அள்ளுவதற்கு டெபாசிட் வாங்கியது. லிஃப்டில் கீறல் விழக்கூடாது என்றது. கீழ்வீட்டுக் கூரைக்கு என்ன காப்பு என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

இதில் கடைசியாக அடிபடுவது யார் தெரியுமா? டேக்கேதார் அந்தப் பிளம்பர் பையன் கூலியில் பிடிக்கப் போவதாகச் சொன்னார். 1,85,000 ரூபாய், தினக்கூலியில்! வேண்டாம் என்று நானே கொடுத்தேன். பெருமைக்குச் சொல்லவில்லை. அவன் ஏணியிலிருந்து விழுந்திருந்தால் என்ன செய்திருப்பேன் என்று அதுவரை நான் யோசித்ததே இல்லை. வேலையில் அடிபட்ட தொழிலாளிக்கு இழப்பீடு என்பது 1923-லேயே இந்த நாட்டில் சட்டமாகிவிட்டது.

வீட்டில் கை வைக்கப் போகிறவர்களுக்கு, பட்டவன் சொல்கிறேன். முதல் சுத்தியல் விழுமுன் கம்பெனிக்கு மெயில் போடுங்கள்: என்ன வேலை, எத்தனை நாள், வீடு காலியா என்று. பதிலை எழுத்தில் வாங்குங்கள். அடுத்தவர் சேதத்துக்கும் தொழிலாளர் இழப்பீட்டுக்கும் தனிப் பாலிசி கேளுங்கள். டேக்கேதார் "இருக்கு" என்றால் நகலைப் பாருங்கள். கீழ்வீட்டுக் கூரையை வேலைக்கு முன்பே போட்டோ எடுங்கள். முடிந்ததும் காப்பீட்டுத் தொகையைக் கூட்டுங்கள்.

கம்பெனிகளுக்கும் ஒழுங்குமுறை ஆணையத்துக்கும் ஒன்றே ஒன்று. புதுப்பிப்பு நோட்டீசில் ஒரு வரி சேருங்கள்: "இந்த வருடம் வீட்டில் கட்டட வேலை உண்டா?" பக்கத்திலேயே கூடுதல் பிரீமியத்தையும் போடுங்கள். காருக்குக் கேஸ் கிட் போட்டிருக்கா என்று கேட்கத் தெரிந்தவர்களுக்கு இது கேட்கத் தெரியாதா?

மாசிமா வீட்டுக் கூரை பூசி முடிந்தாயிற்று. இன்னமும் அவர் ஹாலில்தான் படுக்கிறார்.